ஒரு மாதமா, திங்கட்கிழமையா?

(கோலார் தங்கவயலில் ஓர் எழுத்தறிவு மையத்தின் மாலை வகுப்பில் பேசியது)

 

வேலை முடிந்து வந்திருக்கிறீர்கள். சிலர் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள். கால் வலிக்கும். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

இன்று புதிய பாடம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

என் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்போது நான் கைக்குழந்தை. அதன் பிறகு அப்பா பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். தினமும் ரயிலில் போய் வந்தார்.

ஒரு நாள் வேலை இடத்திலேயே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. கூட இருந்தவர்கள் உடனே ஆட்டோவில் ஏற்றி, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு. டாக்டர்கள் அந்த அடைப்பை நீக்கினார்கள். குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே கம்பி வலை போன்ற ஒரு சிறு குழாயை வைத்தார்கள். அதன் பெயர் ஸ்டென்ட். அப்பா பிழைத்தார்.

நான்காம் நாள். வியாழக்கிழமை. டிஸ்சார்ஜ் என்று சொன்னார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று நடந்தது இதுதான்.

நான் பணம் கட்டும் இடத்தில் வரிசையில் நின்றேன். அம்மா அப்பாவின் கட்டில் பக்கத்தில் துணி மூட்டை கட்டிக்கொண்டு இருந்தார். அப்போது நர்ஸ் வந்தார். மாத்திரைகளைக் காட்டினார். கன்னடத்தில் பேசினார். அன்பாகத்தான் பேசினார்.

"ஈ மாத்ரெ ஒந்து திங்களு கொடி" என்றார்.

என் அம்மா குடியாத்தம் பக்கத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம் தெரியும். "ஒந்து" என்றால் ஒன்று. அது தெரியும். "கொடி" என்றால் கொடுங்கள். அதுவும் தெரியும். "திங்களு" என்றதும் அம்மா திங்கட்கிழமை என்று நினைத்துக்கொண்டார்.

"சரிங்க சிஸ்டர்" என்று தலை ஆட்டினார்.

நான் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"மாத்திரை எப்படிக் கொடுக்கணும்னு சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க பாப்பா. வர்ற திங்கக்கிழமை வரைக்கும் கொடுக்கணுமாம்."

நான் "சரி" என்றேன். மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கன்னடத்தில் "திங்களு" என்றால் மாதம். நர்ஸ் சொன்னது ஒரு மாதம். கன்னடத்தில் திங்கட்கிழமைக்கு "சோமவார" என்று பெயர். இது எனக்குத் தெரியும். பள்ளியில் கன்னடமும் ஒரு பாடமாகப் படித்தவள் நான். ஆனால் நர்ஸ் பேசும்போது நான் அங்கே இல்லை. அம்மா நர்ஸின் சொல்லை அப்படியே சொல்லவில்லை. தமக்குப் புரிந்ததைச் சொன்னார்.

கையில் ஒரு காகிதமும் கொடுத்தார்கள். அதுதான் டிஸ்சார்ஜ் சீட்டு. எல்லாம் ஆங்கிலம். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். ஆங்கில எழுத்து படிக்கத் தெரியும். ஆனால் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டாக்டர் எழுதியது நமக்கு எங்கே புரியப் போகிறது" என்று நினைத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினேன்.

கையில் பணம் குறைவு. 10 நாளுக்கு மாத்திரை வாங்கினோம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு நாள் அம்மா நேரம் தவறாமல் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை நிறுத்திவிட்டார். "குழாய் வச்சாச்சு, நோய் போச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று அப்பாவும் நினைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சு வலி. உடம்பெல்லாம் வியர்வை. 108க்குப் போன் செய்தோம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கிருந்து மறுபடியும் பெங்களூர்.

டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா?"

அம்மா தைரியமாகச் சொன்னார்: "ஒரு வேளைகூடத் தவறாமல் திங்கட்கிழமை வரைக்கும் கொடுத்தேன் சார்."

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் 6 மாத்திரை மீதி இருந்தது. பிறகு டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். அங்கே "30" என்று எழுதி இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் "டேஸ்" என்று இருந்தது. 30 நாள்.

நண்பர்களே, 30 என்ற எண் என் அம்மாவுக்கும் தெரியும். அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ரூபாய் நோட்டையும் பஸ் டிக்கெட்டையும் பார்த்துப் பார்த்து எண் தெரியும். அந்தக் காகிதத்தை நான் ஒரு தடவை அவர் முன்னால் பிரித்திருந்தால் போதும். "இது என்ன பாப்பா, முப்பது?" என்று அவரே கேட்டிருப்பார்.

அந்த மாத்திரை ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது மிகவும் முக்கியம். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. பலருக்கு அந்த மாத்திரை பல மாதங்கள் தேவைப்படும். "30 நாள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறோம்" என்பதுதான் சீட்டில் எழுதி இருந்தது.

அப்பா இரண்டாவது தடவையும் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பலவீனம் ஆகிவிட்டது. இப்போது மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாட்ச்மேன் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மாவின் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று.

யார் மேல் குற்றம்?

இதை நான் பல நாள் யோசித்தேன்.

டாக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். நர்ஸ் அதைக் கன்னடத்தில் சொன்னார். அம்மா அதைத் தமிழில் புரிந்துகொண்டார். என்னிடம் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன். எண்ணிப் பாருங்கள். ஒரு செய்தி 5 பேரிடம் போயிற்று. 3 மொழிகளில் போயிற்று. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் 30 நாள் 4 நாளாகச் சுருங்கிவிட்டது.

நம் ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து பேசுகிறோம். பாதி புரிந்தாலே முழுவதும் புரிந்தது போல இருக்கும். அதுதான் ஆபத்து. "முந்தின" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் முந்தின வாரம் என்றால் போன வாரம். கன்னடத்தில் "முந்தின வார" என்றால் வரப் போகிற வாரம். சொல் ஒன்று. பொருள் நேர் எதிர்!

"திங்கள்" மட்டும் என்ன? தமிழிலும் பழைய நாளில் திங்கள் என்றால் மாதம், நிலா என்றும் பொருள். என் அம்மா முட்டாள் இல்லை. சொல்தான் ஏமாற்றியது.

ஒரே மொழி பேசினால் குழப்பம் வராது என்று நினைக்காதீர்கள். இன்னும் மூன்று விஷயம் சொல்கிறேன். மூன்றிலும் பேசியவரும் தமிழ், கேட்டவரும் தமிழ்.

பக்கத்து லைனில் ஓர் அக்கா. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். நர்ஸ் சொன்னார்: "தையல் போட்ட இடத்துல டிஸ்சார்ஜ் இருந்தா உடனே வாங்க." அக்காவுக்கு டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு அனுப்புவது. வேறு பொருள் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். நர்ஸ் சொன்னது வேறு. புண்ணில் இருந்து சீழோ நீரோ வடிந்தால் அதற்கும் ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் என்றுதான் பெயர். அக்காவுக்கு 5 நாள் சீழ் வடிந்தது. துணி வைத்துக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "சீழ் வடிந்தால் வாங்க" என்று ஒரு சொல் தமிழில் சொல்லி இருந்தால் இந்தப் பாடு இல்லை. "டிஸ்சார்ஜ்னா என்ன சிஸ்டர்?" என்று அக்கா கேட்டிருந்தாலும் இல்லை.

இன்னொருவர், வயதான தாத்தா. சர்க்கரை நோய். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது புதிய மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் பழைய மாத்திரையும் இருந்தது. "புது மாத்திரை சாப்பிடுங்க" என்றுதான் சொன்னார்கள். "பழசை நிறுத்துங்க" என்று யாரும் சொல்லவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. இரண்டையும் சாப்பிட்டார். இரண்டும் ஒரே மருந்து! கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. உள்ளே இருந்தது ஒன்றுதான். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழுந்தார். அவர் மருமகள் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கப் போனார். நல்ல வேளை, அப்போது தாத்தாவுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு வந்துவிட்டது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதையும் மனத்தில் வையுங்கள்.

மூன்றாவது, ஓர் அம்மா. மகனுக்குச் சளிப் பரிசோதனை செய்தார்கள். "ரிப்போர்ட் நெகட்டிவ்" என்றார்கள். கெட்ட செய்தி என்று நினைத்து அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நெகட்டிவ் என்றால் தேடிய கிருமி அந்தப் பரிசோதனையில் தெரியவில்லை என்று பொருள். பாசிட்டிவ் என்றால் தெரிந்தது என்று பொருள். நோய் விஷயத்தில் பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

சீட்டில் இருக்கும் சிறு குறிகள்

இப்போது கரும்பலகையைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் சில குறிகள் வரும். எண் தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

1-0-1 என்று எழுதி இருந்தால், காலை 1, மதியம் இல்லை, இரவு 1.

1-1-1 என்றால் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒவ்வொன்று.

0-0-1 என்றால் இரவு மட்டும் 1.

½ என்றால் பாதி மாத்திரை.

சில டாக்டர்கள் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்து எழுதுவார்கள். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை. பி.டி. என்றால் இரண்டு தடவை. டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. எச்.எஸ். என்றால் தூங்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது மட்டும். உதாரணமாக, வலி இருந்தால் சாப்பிடலாம், வலி இல்லாவிட்டால் வேண்டாம்.

இந்த எழுத்தை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு விஷயம் போதும். "இந்த மாத்திரை எத்தனை வேளை? எண்ணில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள்.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றது மருந்தின் உண்மையான பெயர். இரண்டு அட்டை இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோலத்தைப் பார்ப்பது போல எழுத்தின் உருவத்தைப் பாருங்கள். மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், சாப்பிடும் முன்பு மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேளுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்த தடவை வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறிவிடும்.

கட்டிலை விட்டு இறங்கும் முன் 8 கேள்விகள்

டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் நமக்கு அவசரம் வந்துவிடுகிறது. மூட்டை கட்ட வேண்டும். பணம் கட்ட வேண்டும். ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் காது வேலை செய்வதில்லை. ரயில் போனால் அடுத்த ரயில் வரும். இந்த 8 கேள்விகளையும் கேட்காமல் கட்டிலை விட்டு இறங்காதீர்கள்.

1. எனக்கு என்ன நோய்? இங்கே என்ன செய்தீர்கள்?

2. ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு? எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்பா, பிறகா?

3. எந்தத் தேதி வரை சாப்பிட வேண்டும்? (கிழமை கேட்காதீர்கள். தேதி கேளுங்கள்.)

4. மாத்திரை தீர்ந்தால் மறுபடி வாங்கலாமா, நிறுத்தலாமா?

5. வீட்டில் இருக்கும் பழைய மாத்திரையை என்ன செய்வது?

6. என்ன சாப்பிடலாம்? எது கூடாது? எப்போது குளிக்கலாம்? எப்போது வேலைக்குப் போகலாம்?

7. என்ன ஆனால் உடனே வர வேண்டும்? யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

8. மறுபடி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த அறைக்கு வர வேண்டும்? என்ன சீட்டு கொண்டு வர வேண்டும்?

குழந்தைக்குத் தண்ணீர் மருந்து கொடுத்தால் இன்னொரு கேள்வி. எத்தனை மில்லி? மருந்தோடு வரும் அளவு மூடியில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கரண்டி ஒன்று சிறியது, ஒன்று பெரியது. அது அளவு ஆகாது.

திருப்பிச் சொல்லுங்கள்

கேள்வி கேட்டால் மட்டும் போதாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

நாம் கடையில் என்ன செய்கிறோம்? "துவரம் பருப்பு அரைக் கிலோ, எண்ணெய் 1 லிட்டர்" என்று சொல்கிறோம். கடைக்காரர் திருப்பிச் சொல்கிறார். "அரைக் கிலோதானே அக்கா?" என்கிறார். அரைக் கிலோ பருப்புக்கே திருப்பிக் கேட்கிறார்கள். உயிர் விஷயத்தில் நாம் "சரிங்க, சரிங்க" என்று தலை ஆட்டிவிட்டு வருகிறோம்.

என் அம்மா அன்று இப்படிச் சொல்லி இருந்தால்?

"சிஸ்டர், நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. இந்த மாத்திரையைத் திங்கக்கிழமை வரைக்கும் கொடுத்துட்டு நிறுத்திடணும்."

நர்ஸ் பதறிப் போயிருப்பார். "இல்லம்மா, இல்ல! ஒரு மாசம்!" என்று சைகை காட்டியாவது சொல்லி இருப்பார். அரை நிமிடம் ஆகி இருக்கும். அவ்வளவுதான்.

தலை ஆட்டினால் நமக்குப் புரிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. வாயால் சொன்னால்தான் தெரியும்.

"எத்தனை தடவை கேட்பது, திட்டுவார்களே" என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. "பத்தாவது படித்தவள், இதுகூடத் தெரியாதா" என்று கேட்பார்களோ என்ற வெட்கமும் உண்டு. அந்த வெட்கத்தின் விலை எங்கள் வீட்டில் அம்மாவின் தாலிச் செயின். அப்பாவின் வேலை. அதனால் சொல்கிறேன். திட்டினால் திட்டட்டும். ஒரு நர்ஸ் பல கட்டில்களைப் பார்க்கிறார். அவருக்கும் அவசரம். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர், தப்பு நடக்கக் கூடாதுன்னுதான் கேட்கிறேன்" என்று தன்மையாகக் கேளுங்கள்.

மொழி புரியாவிட்டால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "எனக்குக் கன்னடம் சரியாக வராது. தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தேடினால் தமிழ் தெரிந்த ஒருவராவது கிடைப்பார்.

இது நம் உரிமை

கேட்பது கெஞ்சுவது இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019ஆம் ஆண்டு அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும்படி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் நமக்கு உரிமை உண்டு. நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதனால் சீட்டு தொலைந்துவிட்டால் பயந்து வீட்டில் இருக்காதீர்கள். போய்க் கேளுங்கள்.

செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். நர்ஸிடம் அனுமதி கேட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி கேட்கலாம்.

நம் கையால் எழுதுவோம்

டிஸ்சார்ஜ் சீட்டு டாக்டரின் சீட்டு. நமக்கு என்று ஒரு சீட்டு வேண்டும். நம் மொழியில், நம் கையால் எழுதியது. எங்கள் வீட்டுச் சுவரில் இப்படி ஒரு காகிதம் ஒட்டி இருக்கிறது. கரும்பலகையில் எழுதுகிறேன், படியுங்கள்.

அப்பா மாத்திரை
ரத்தம் உறையாமல் இருக்க – மதியம் 1 – சாப்பிட்ட பிறகு
ரத்தம் உறையாமல் இருக்க, இன்னொன்று – இரவு 1 – சாப்பிட்ட பிறகு
கொழுப்பு குறைய – இரவு 1
டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.
நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வியர்வை வந்தால் உடனே 108.
அடுத்த சோதனை: 14ஆம் தேதி, காலை 9 மணி.

இது எங்கள் அப்பாவுக்கு டாக்டர் சொன்னது. உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டர் சொன்னதை எழுத வேண்டும்.

இந்தக் காகிதத்தை எழுதியது நான் இல்லை. என் அம்மா. அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்து தலை குனிந்துகொள்கிறாரே, அவர்தான். அப்பா இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்த மறுவாரம் அம்மா இந்த மையத்தில் சேர்ந்தார். "உறையாமல்" என்று எழுத மூன்று தடவை அழித்து அழித்து எழுதினார். "நானே எழுதறேன், நீ விடு" என்றார்.

போன மாதம் அப்பாவைச் சோதனைக்கு அழைத்துப் போனோம். வேறு ஒரு நர்ஸ். அவரும் கன்னடத்தில் சொன்னார். "எரடு திங்களு" என்றார். எரடு என்றால் இரண்டு. அம்மா கிளம்பவில்லை. பையில் இருந்து நோட்டை எடுத்தார். அதில் 60 என்று எழுதினார். நர்ஸிடம் காட்டினார்.

"அறுபது நாளா சிஸ்டர்?"

நர்ஸ் நோட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஹௌது அம்மா, ஹௌது" என்றார். ஆமாம் அம்மா, ஆமாம் என்று அர்த்தம். பேனாவை வாங்கி, பக்கத்தில் அடுத்த சோதனைக்கு வர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தார்.

அன்று ரயிலில் வரும்போது அம்மா அந்த நோட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

நண்பர்களே, "இந்த வயதில் எழுத்துப் படித்து என்ன செய்யப் போகிறோம்" என்று சிலர் இங்கே கேட்டிருக்கிறீர்கள். இதற்குத்தான். கட்டில் பக்கத்தில் நின்று, பயப்படாமல் கேட்பதற்கு. கேட்டதை எழுதிக்கொள்வதற்கு. எழுதியதைக் காட்டி, "இது சரியா?" என்று மறுபடி கேட்பதற்கு.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஆணியில் மாட்டி இருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுங்கள். பிரியுங்கள். அதில் உங்களுக்குத் தெரிந்த எண்களைத் தேடுங்கள். நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நர்ஸ் சொன்னது என்ன? அம்மாவுக்குப் புரிந்தது என்ன?

2. 1-0-1 என்று எழுதி இருந்தால் மதியம் மாத்திரை உண்டா?

3. உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது இப்படிக் குழப்பம் வந்ததா? அதை 5 வரியில் எழுதுங்கள்.

4. இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி. நர்ஸ் சொல்வதை நோயாளி திருப்பிச் சொல்லிப் பழகுங்கள்.